சன்சிபாருக்கு ஒரு முன்னேற்பாடு

சன்சிபாருக்குப் போவதென்று துணிந்துவிட்டேன். "பண்டிதருக்கு அங்கே என்ன அலுவல்?" என்று நண்பர் நகைத்தார். தன்சானியாவைச் சேர்ந்த அத்தீவுக்குப் பலர் வெண்மணற் கரையையும் கராம்பு மணத்தையும் நாடிச் செல்வர். என்னை ஈர்த்ததோ அங்கு வழங்கும் சுவாகிலி மொழி.

முதலிற் பருவம் பார்த்தல் வேண்டும். சித்திரை விடுமுறை உதவாது. மார்ச்சு முதல் மே வரை அங்கே 'மசிகா' என்னும் பெருமழை. ஆவணியே தகும். அப்பொழுது வீசுவது 'கூசி' என்னும் தென்காற்று; நமது சோளகத்தின் உடன்பிறப்பு. 'காஸ்காசி' என்னும் வாடையோடு வந்த அரபு நாட்டு, இந்தியப் பாய்க்கப்பல்கள் கூசியோடு மீண்டன. பாந்து மொழிக் குடும்பத்ததான சுவாகிலியில் அரபுச் சொற்கள் குடியேறியது இப்போக்குவரவினாலேயே. கரைகளைக் குறிக்கும் அரபுச் சொல்லன்றோ 'சுவாகிலி' என்னும் பெயருக்கே மூலம்!

மணிக்கணக்கிலும் விழிப்பு வேண்டும். அவர்கள் பொழுது புலர்வதிலிருந்து மணியை எண்ணுவர். காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. வள்ளக்காரர் "மணி 2" என்றால் நாம் 8 மணிக்குக் கரையில் நிற்றல் வேண்டும். நண்பர் இதற்கும் நகைத்தார். உதயாதி நாழிகை பார்த்து நாள் வைக்கும் நாம் இதற்கு நகைக்கலாமா?

அகராதியைப் புரட்டுகையில் ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. 'தூமா' என்றால் அனுப்புதல். அவ்வடியிற் பிறந்த 'ம்தூமே' இறைதூதரைக் குறிக்கும். 'ம்தூம்வா' அடிமையைக் குறிக்கும். இருவரும் அனுப்பப்பட்டவர்களே! பகுதி ஒன்று, ஈறு மாத்திரம் வேறு. ஒருவரை அனுப்பியவன் இறைவன். மற்றவரை அனுப்பியவன் யார்? முப்பதாண்டு பகுபதம் பிரித்துக் காட்டியவன் நான். எந்தச் சொல்லும் என்னை இவ்வாறு கலக்கியதில்லை.

அத்தீவின் கல்நகரத்திலே அடிமைச் சந்தை இருந்தது. ஆபிரிக்க உள்நாட்டிலிருந்து நடத்திக் கொணரப்பட்டோர் அங்கே விலைப்பட்டனர். 1873இல் சந்தை மூடப்பட்டது; அவ்விடத்தில் அங்கிலிக்கன் தேவாலயம் எழுந்தது. சட்டம் அடிமைநிலையை நீக்கியதோ 1897இலேதான். பலரும் நாடிச் செல்லும் அக்கராம்பு, அவ்வடிமைகள் உழைத்த தோட்டங்களில் விளைந்தது.

மூன்று நாளையும் கடற்கரைக்கென்றே வகுத்திருந்தேன். முதல் நாளை அடித்துவிட்டு, 'சந்தை இருந்த இடம். மணி 3' என்று எழுதினேன். நண்பர் குறிப்பேட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மணிக்கணக்கைத்தான் அவர் இன்னும் நம்பவில்லை.