வேலையை விட்ட பிறகு போட்டி கம்பெனியில் சேரக் கூடாதா? பாண்டில் எது செல்லும், எது செல்லாது?

நீங்க கடலூர் சிப்காட்ல கெமிஸ்ட்னு வச்சுக்குவோம். பக்கத்து கம்பெனி அதிக சம்பளம் தர்றாங்க. ஆனா, "விலகிய பின் 2 வருடம் இதே துறையில் சேர மாட்டேன்"னு ஆபர் லெட்டர்ல கையெழுத்து போட்டிருக்கீங்க. இப்போ என்ன பண்றது?

1. விலகிய பிறகு தடை: செல்லாது

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும் (2006), ஒப்பந்தம் முடிந்த பிறகு இப்படிப்பட்ட தடை நீடிக்காதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்க கையெழுத்து போட்டிருந்தாலும் இதுதான் நிலை.

ஒரு விதிவிலக்கு: சிதம்பரத்தில் ஓடிக்கிட்டிருக்கிற கடையை அதன் நற்பெயரோடு வித்தா, நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன்னு போடும் ஒப்பந்தம் செல்லும்.

2. ஒப்பந்த காலத்துக்குள் தடை: செல்லும்

5 வருட ஒப்பந்தத்தின் நடுவில் போட்டி கம்பெனிக்குப் போன ஊழியருக்கு எதிராக, 1967-ல் கோலிகரி வழக்கில் தீர்ப்பு வந்தது. கம்பெனியோட பார்முலா, கஸ்டமர் லிஸ்ட் போன்ற ரகசியங்களை வெளியே கொண்டு போறதும் எப்பவுமே ஆபத்துதான்.

3. பாண்ட் தொகை: கவனம்!

அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் படிச்சு முடிச்சு முதல் வேலைக்குப் போறவங்க இதை அவசியம் படிங்க. 3 வருடத்துக்குள் விலகினா ₹2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும்னு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதுக்காக எழுதின தொகை முழுசும் எல்லா கம்பெனிக்கும் கிடைக்கும்னு இல்லை. பிரிவு 74-இன்படி நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு.

பணக் கணக்கு

- பாண்ட் தொகைக்கு மேல 18% ஜி.எஸ்.டி. கேட்டா கொடுக்க வேண்டாம். அதுக்கு வரி கிடையாதுன்னு 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை சொல்லுது.
- உங்க பி.எப். பணத்தை கம்பெனி இதுக்காகப் பிடிக்க முடியாது.
- புது கம்பெனியிடம் "பாண்ட் தொகையை நீங்க கட்டுவீங்களா?"ன்னு முதலிலேயே கேளுங்க. அப்படி அவங்க கட்டினா, அது உங்க சம்பள வருமானமா கணக்காகி வரி வரலாம்.

கையெழுத்துக்கு முன்

எத்தனை வருடம், எவ்வளவு தொகை, எந்தப் பயிற்சிக்கான செலவு? இந்த மூணையும் எழுத்தில் கேளுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஒப்படைக்காதீங்க, நகல் போதும். விலகும்போது நோட்டீஸ் காலத்தை முடிச்சு, ரிலீவிங் லெட்டர் வாங்கிடுங்க.

வக்கீல் நோட்டீஸே வந்துட்டா, பதில் எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்க. உங்க பாண்டில் என்ன எழுதியிருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவில் பேசுவோம்.