நாரும் ஊரும் – 17: இருபத்தையாயிரம் பயனும் ஒரு செடியும்

1938 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' இதழ் ஒரு செடியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. டைனமைட் முதல் செலஃபேன் தாள் வரை 25,000-க்கும் மேற்பட்ட பொருட்களை அதிலிருந்து செய்யலாமாம். நூறு கோடி டாலர் பயிர் என்று பட்டமும் கட்டியது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க அரசு புதிய வரிச் சட்டம் போட்டு அந்தச் செடியின் கழுத்தை நெரித்திருந்தது. செடியின் பெயர் ஹெம்ப்.

இத்தனை பயன் உள்ள செடியை உலகம் ஏன் கைவிட்டது? சட்டம் ஒரு காரணம்தான். சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஹெம்ப் சந்தையில் தோற்கத் தொடங்கிவிட்டது.

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். நம் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்காக மடக்கி உழும் சணப்பு இதுவல்ல. கோணிப்பைச் சணலும் அல்ல. இது கஞ்சா இனமேதான். ஆனால் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் மிகக் குறைவாக உள்ள ரகங்கள். அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 0.3 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நாருக்காக வளர்ப்பவர்கள் விதையை நெருக்கி விதைப்பார்கள். பக்கவாட்டில் இடமில்லாததால் செடி கிளை விடாமல், சூரியனைத் தேடி நெட்டுக்குத்தாக வளரும். நான்கு மாதத்தில் இரண்டு ஆள் உயரம் வந்துவிடும். அறுத்த தண்டை நீரில் ஊறவைத்தோ வயலிலேயே பனியில் கிடத்தியோ பதப்படுத்துவார்கள். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போடுகிறோமே, அதே கதைதான்: நாரைப் பிடித்துவைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், பட்டை தனியே கழன்று வரும்.

இந்த நாரின் பொற்காலத்தைப் பார்க்க இங்கிலாந்தின் சாத்தம் துறைமுகத்துக்குப் போகவேண்டும். அங்கே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கயிற்றுச்சாலை இன்றும் இயங்குகிறது. கட்டடத்தின் நீளம் சுமார் 346 மீட்டர். புரிகளை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டித்தான் கப்பல் கயிறு திரிக்க முடியும் என்பதால் அவ்வளவு நீளம். இரும்பு முட்கள் பதித்த பலகையில் ஹெம்ப் நாரை அடித்து இழுத்துச் சிக்கெடுப்பார்கள். வழுக்கிக்கொண்டு வரத் திமிங்கல எண்ணெய் தடவுவார்கள். நூற்பவர் அந்த நார்க்கற்றையை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, விரலால் நாரை விட்டபடியே பின்னோக்கி நடப்பார். நடக்க நடக்க நூல் நீளும். அரசுக் கயிற்றைத் திருடி விற்பவர்களைப் பிடிக்க ஒரு வண்ண இழையையும் உள்ளே சேர்த்து முறுக்கிவிடுவார்கள். எங்கே அறுத்தாலும் அந்த இழை காட்டிக்கொடுக்கும்.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' ஒரு போர்க்கப்பலுக்கே ஏறத்தாழ 42 கிலோமீட்டர் கயிறு தேவைப்பட்டது. இதற்கான நாரில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடல் வழியாக வந்தது. 1807-ல் ஜார் மன்னரோடு உடன்படிக்கை செய்த நெப்போலியன், இந்த நார் வணிகம் உட்பட பிரிட்டனோடு எந்த வணிகமும் கூடாது என்று ரஷ்யாவைக் கட்டிப்போடப் பார்த்தார். ரஷ்யா அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டது. 1812 படையெடுப்புக்கான பல காரணங்களில் அதுவும் ஒன்று.

இப்படிப் பேரரசுகளை ஆட்டிவைத்த நார் எப்படித் தோற்றது? ஹெம்ப் கயிறு உப்புநீரில் மக்கிவிடும். தார் பூசியாக வேண்டும். பிலிப்பைன்ஸின் அபாகா வாழை நாருக்குத் தார் தேவையில்லை. நீராவிக் கப்பல் வந்ததும் பாய்மரமும் அதன் கயிறும் போயின. துணியில் பருத்தி முந்தியது. காகிதத்தில் மரக்கூழ் முந்தியது. பிறகு நைலான் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மலிவான மாற்று ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. 1942-ல் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்து அபாகா வரத்து நின்றபோது, அமெரிக்க வேளாண் துறையே 'வெற்றிக்கு ஹெம்ப்' என்ற பொருளில் படம் எடுத்து உழவர்களைக் கெஞ்சியது. போர் முடிந்ததும் செடியை மறந்துவிட்டார்கள்.

இன்று மறுபடி பேச்சு எழுந்திருப்பதற்குக் காரணம், அன்று கழிவென்று ஒதுக்கிய பாகங்கள். பட்டை உரித்தபின் மிஞ்சும் நடுத்தண்டுத் தக்கையைப் பொடித்துச் சுண்ணாம்போடு குழைத்தால் சுவருக்கான கலவை. 1980-களில் பிரான்ஸ் தொடங்கிவைத்த முறை. பாரம் தாங்காது, மரச் சட்டம் தனியே வேண்டும். ஆனால் வெயிலையும் குளிரையும் நன்றாகத் தடுக்கும். சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் கலந்து வீடு கட்டிய நமக்கு இது புரியாத வித்தையல்ல. எல்லோரா குகைகளின் மண்பூச்சிலும் கஞ்சாச் செடியின் நார் கலந்திருப்பதையும், பூச்சி அரிக்காமல் அது காத்திருப்பதையும் 2016-ல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அடுத்தது விதை. இதில் போதை கிடையாது. எண்ணெயும் புரதமும் உண்டு. உத்தராகண்டின் குமாவுன் மலைக்காரர்கள் பாங்க் என்று அழைக்கும் இந்தச் செடியின் விதையை வறுத்து, பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லியோடு அரைத்து எலுமிச்சை பிழிந்து துவையலாகத் தொட்டுக்கொள்கிறார்கள். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் எண்ணெயையும் உணவாக ஏற்றது.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் நாருக்கும் விதைக்கும் அரசு அனுமதி தர வழிவிடுகிறது. அதைப் பிடித்து 2018-ல் உத்தராகண்ட் முதலில் உரிமம் கொடுத்தது. அனுமதி இல்லாமல் ஒரு செடி வைத்தாலும் குற்றம்தான்; 'நார் ரகம்' என்று சொல்லித் தப்ப முடியாது.

இருபத்தையாயிரம் பயன் என்ற கணக்கு உழவருக்கு உதவாது. நார், தக்கை, விதை மூன்றையும் ஒரே அறுவடையில் விற்கிற சந்தை பக்கத்தில் இருக்கிறதா, பட்டை உரிக்கும் எந்திரம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா? பிரான்சில் மூன்றுக்கும் ஆலை இருக்கிறது, செடி நிற்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் 'அதிசயப் பயிர்' என்று யார் விதை விற்க வந்தாலும், பையை மூடிக்கொள்வது நல்லது.

(அடுத்த வாரம்: மடக்கி உழும் சணப்பு)