கரை தாண்டிப் பேசும் வானொலி

வெள்ளமும் புயலும் எமது மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியை மூத்தோர் மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2011 ஜனவரியில் வெள்ளம் வயல்களை மூடியது. இப்படியான நாட்களில் மின்சாரம் போனால் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பற்றரியில் சில மணி நேரமே தாக்குப்பிடிக்கும். அதன்பின் படுவான்கரையில் நடப்பது எழுவான்கரைக்குத் தெரியாது. இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருப்போர், தம் வயலையும் உறவினரையும் நினைத்துத் தவிக்க வேண்டியதுதான்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஒன்று அமெச்சூர் வானொலி.

2004இல் நடந்தது

அமெச்சூர் வானொலியாளர் என்போர் பரீட்சையில் சித்தியடைந்து, அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று, சொந்தக் கருவியில் பேசுவோர். எமது நாட்டு நிலையங்களின் அழைப்புக் குறி பெரும்பாலும் 4எஸ்7 எனத் தொடங்கும். சுனாமியின்போது இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்தோர் அம்பாந்தோட்டைக்குச் சென்று, வாகன பற்றரிகளில் கருவிகளை இயக்கிக் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, தீவில் இருந்தோரின் செய்திகளை வானொலி மூலம் பெருநிலத்துக்கு அனுப்பினார்.

இவ்விரு இடங்களிலும் கருவிக்கு அருகே ஆள் இருந்தார். ஆள் ஓரிடத்திலும் கருவி வேறிடத்திலும் இருந்தால்?

தூர இருந்து இயக்குதல்

அதுவும் இன்று முடியும். நிலையத்தில் வானொலிக் கருவியுடன் ஒரு சிறு கணினி இணைக்கப்படுகிறது. வாவிக்கு இக்கரையில் இருப்பவர் பேசும் குரல் எண்களாக மாறி அக்கரைக் கணினிக்குப் போகிறது. அங்கே அது மீண்டும் குரலாகி வானொலி அலையில் ஏறுகிறது. அலைவரிசையை மாற்றுவதும் கருவியை நிறுத்துவதும் அவ்வாறே.

எமக்கு இதில் என்ன பயன்? அன்ரெனா கட்ட அகன்ற வெளி வேண்டும். அது வயற்பக்கம் உண்டு. முகாமிலும் நெருக்கமான குடியேற்றத்திலும் இல்லை. இரவில் எவரும் தங்காத காணியிலும் நிலையத்தை உயிரோடு வைத்திருக்கலாம்.

வேண்டிய பொருட்கள் இவை:

• 7 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 20 மீற்றர் நீளக் கம்பி அன்ரெனா. அதிக உயரம் வேண்டாம். தாழ்வாகக் கட்டினால் அலை மேலே சென்று திரும்பிச் சுற்றுவட்டாரத்தில் விழும். கொழும்பு இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர், பகலில் எட்டலாம்.

• 12 வோல்ற் பற்றரியும் சூரியத் தகடும். 100 வாற்றுக் கருவி பேசும்போது சுமார் 20 அம்பியர் இழுக்கும். கேட்கும்போது மிகச் சிறிதே.

• தொடர்பு அறுந்தால் ஒலிபரப்பைத் தானாக நிறுத்தும் ஆளி. இது இல்லாமல் தொடங்கவே கூடாது.

• இடி மின்னலுக்கு நிலத்தொடுப்பு. வாவிக் காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கும். மாதம் ஒருமுறை பார்த்துத் துடைக்க வேண்டும்.

பலவீனம் எங்கே?

கருவிக்கும் எமக்கும் இடையில் உள்ள இணையம் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வழியே வருமானால், கோபுரம் விழும் நாளில் நிலையமும் ஊமையாகும். அதாவது, மிகத் தேவையான நாளில் அது உதவாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வாவி தட்டையானது, இரு கரைகளிலும் உயரத்தில் சிறு தட்டு அன்ரெனாக்களை ஒன்றையொன்று பார்க்கும்படி பொருத்தினால், எந்தக் கம்பனியையும் நம்பாமல் பற்றரியிலேயே இணைப்பு ஓடும். மற்றது இன்னும் எளிது: நிலையத்துக்கு அருகில் வாழும் இருவராவது அனுமதிப்பத்திரம் பெற்று, நேரில் இயக்கப் பழகியிருக்க வேண்டும். பாதை ஓடாத நாளில் அவர்களே எமக்குக் கை.

சட்டமும் எச்சரிக்கையும்

அனுமதி வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. தூர இயக்கத்துக்கும் கரைக்குக் கரை இணைப்புக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்து, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. போரின் நினைவு நீங்காத ஊரில் உயரமான ஒரு கம்பியே சந்தேகத்தைக் கிளப்பும். எனவே கிராம சேவையாளருக்கும் அயலவருக்கும் அறிவித்த பின்பே கம்பத்தை நடுங்கள். எங்கிருந்து இயக்கினாலும் பொறுப்பு அனுமதிப்பத்திரம் பெற்றவருடையதே.

அமெச்சூர் வானொலியில் நெல் விலை பேச முடியாது, வியாபாரத்துக்கு இடமில்லை. இரகசியமும் இல்லை; பேசுவதை யாரும் கேட்கலாம். ஆகவே குடும்பத்தின் அந்தரங்கங்களைச் சொல்ல வேண்டாம். "நாங்கள் சுகம். பாடசாலையில் இருக்கிறோம். மருந்து வேண்டும்" என்பதே போதும்.

எங்கே தொடங்குவது? கருவி வாங்குவதிலிருந்து அல்ல. கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் படிக்க விருப்பமுள்ள நான்கைந்து இளைஞர், யுவதிகளைத் தெரிந்தெடுங்கள். இரு கரைகளிலிருந்தும் ஆட்கள் இருக்கட்டும். அவர்கள் பரீட்சைக்குப் படிக்கட்டும். பழகிய ஆட்கள் இருந்தால் இரவல் கருவியும் பேசும். ஆட்கள் இல்லாவிட்டால் விலையுயர்ந்த நிலையமும் மாரியில் நனையும் இரும்புதான்.