மூச்சுக்கும் மருந்து, மனதுக்கும் மருந்து

அந்த அம்மாளுக்கு வயது அறுபது. அவர் பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் விறகு அடுப்பை ஊதினார். இப்போது நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

முன்பு மாலையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிச் சிரிப்பார். இப்போது எங்கும் போவதில்லை. பேரன் வந்தாலும் பேசுவதில்லை. சோறு இறங்குவதில்லை. தூக்கம் இல்லை. மருந்தையும் ஒழுங்காக எடுப்பதில்லை.

"நான் எல்லோருக்கும் பாரம்" என்கிறார்.

"வயதானால் அப்படித்தான்" என்கிறார்கள் வீட்டார்.

அது சரியல்ல. அவருக்கு இருப்பது இரண்டு நோய்கள். ஒன்று, நாள்பட்ட நுரையீரல் நோய். மற்றொன்று, மனச்சோர்வு நோய்.

நோய் எப்படி வருகிறது?

பீடி, சிகரெட், விறகு, வறட்டி ஆகியவற்றின் புகை மூச்சுக் குழாய்களைக் கெடுக்கிறது. தூசியும் கெடுக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் சுமார் 5 கோடியே 50 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

மூச்சுத் திணறுமே என்று பயந்து நோயாளி ஒரே இடத்தில் உட்கார்ந்து விடுகிறார். அதனால் தசைகள் பலம் இழக்கின்றன. பிறகு கொஞ்சம் நடந்தாலும் முன்பைவிட அதிகமாகத் திணறுகிறது. பயமும் கவலையும் கூடுகின்றன. செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வருகிறது.

என்ன சிகிச்சை?

நுரையீரல் நோயை முற்றிலும் குணமாக்க முடியாது. கட்டுப்படுத்தலாம். மனச்சோர்வைக் குணமாக்க முடியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூச்சைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

* மனநல ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசுவது பலன் தரும்.
* டாக்டர் மாத்திரை தரலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தாமாக நிறுத்தக் கூடாது.
* டாக்டர் சொல்லும் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் தசைக்குப் பலம் தரும். மனதுக்கும் தெம்பு தரும்.
* புகை பிடிப்பவர் நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் புகை சூழக் கூடாது.

கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. சில மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கிவிடும்.

"சாகலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அலட்சியம் கூடாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணிலும் பேசலாம். இது அரசின் மனநல உதவி எண். 2022இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

மனச்சோர்வு வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. கோழைத்தனமும் அல்ல. அது நோய். நோய்க்கு மருந்து உண்டு. அந்த அம்மாளைப் போல் உங்கள் வீட்டிலும் யாராவது மூலையில் உட்கார்ந்திருக்கிறார்களா? இன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.