லாபம் எது, கூலி எது? பண்ணைக் கணக்கில் தெரிய வேண்டிய சொற்கள்

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. ஆகவே கணக்குப் பார்த்துப் பயனில்லை என்று பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். ஆனால் உழக்கு எந்த இடத்தில் மிஞ்சாமல் போயிற்று என்று காட்டுவதுதான் கணக்கின் வேலை.

மளிகைக் கடைக்காரரும் அரவை ஆலைக்காரரும் அன்றாடம் பயன்படுத்தும் வியாபாரச் சொற்கள் சில உண்டு. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கும் அவை அப்படியே பொருந்தும். இவற்றின் பொருள் தெரிந்தால் எந்த விலைக்கு விற்கலாம், எந்தக் கருவியை வாங்கலாம், எப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்வது எளிதாகும். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. விவசாயிகள் தங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைச்செலவும் கணக்குச் செலவும்

ஒரு ஏக்கர் நெல்லை எடுத்துக்கொள்வோம். உழவு 5,000 ரூபாய், விதையும் நாற்றங்காலும் 2,000, நடவும் களையெடுப்பும் 7,000, உரமும் பூச்சி மருந்தும் 5,000, அறுவடை 4,000. ஆக, கையிலிருந்து போனது 23,000 ரூபாய். இது கைச்செலவு. மகசூல் 2,200 கிலோ. கிலோ 23 ரூபாய் வீதம் 50,600 ரூபாய் வருகிறது. வைக்கோல் 1,400 ரூபாய்க்குப் போகிறது. இரண்டும் சேர்ந்த 52,000 ரூபாய் மொத்த வருமானம். இதில் கைச்செலவு போக மிஞ்சுவது 29,000 ரூபாய்.

இந்த 29,000 ரூபாயையும் லாபம் என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். ஆனால் கையிலிருந்து போகாத செலவுகள் சில இருக்கின்றன. குடும்பத்தார் வயலில் 20 நாள் உழைத்திருந்தால், நாள் கூலி 450 ரூபாய் வீதம் அதன் மதிப்பு 9,000 ரூபாய். நிலத்தை அந்தப் பட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் 8,000 ரூபாய் வந்திருக்கும். மோட்டார், தெளிப்பான் முதலியவற்றின் தேய்மானத்தில் இந்தப் பயிரின் பங்கு 3,000 ரூபாய். போட்ட பணத்துக்கு வட்டி சுமார் 1,000 ரூபாய். இவை கணக்குச் செலவுகள். இவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 8,000 ரூபாய்தான். இதுவே நிகர லாபம்.

அப்படியானால் 29,000 ரூபாய் என்பது பொய்யா? இல்லை. அதில் பெரும்பகுதி குடும்பத்துக்கு உரியதுதான். 9,000 ரூபாய் அவர்களின் கூலி, 8,000 ரூபாய் அவர்கள் நிலத்தின் வாடகை. இவற்றை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தேய்மானமான 3,000 ரூபாய் மோட்டாருக்கு உரிய பங்கு. அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டால், மோட்டார் எரிந்துபோகும் நாளில் புது மோட்டாருக்குப் பணம் இருக்காது. அப்போது கந்து வட்டிக்குத்தான் போக நேரும். பல குடும்பங்களில் கடன் இப்படித்தான் நுழைகிறது.

உற்பத்தி அடக்கம்

எல்லாச் செலவும் சேர்ந்து 44,000 ரூபாய். வைக்கோல் விற்ற தொகையைக் கழித்தால் 42,600. இதை 2,200 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 19 ரூபாய் 36 காசு ஆகிறது. இது உற்பத்தி அடக்கம். கைச்செலவை மட்டும் எடுத்துக்கொண்டால் கிலோவுக்கு 9 ரூபாய் 82 காசுதான். விலை பேசும்போது முதல் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் எண்ணை மட்டும் நினைத்து விற்றால், குடும்பத்தின் உழைப்பையும் நிலத்தின் வாடகையையும் வாங்குபவருக்கு இனாமாகக் கொடுத்ததாகும்.

ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையமும் செலவை ஒரே எண்ணாகப் பார்ப்பதில்லை. கைச்செலவு, தேய்மானம் முதலியவற்றோடு குடும்ப உழைப்பின் மதிப்பும் சேர்ந்தது ஒரு கணக்கு. அத்துடன் சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்தது மற்றொரு கணக்கு. 2024-25 கரீப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு முதல் கணக்குப்படி குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் செலவு எனக் கொண்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,300 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. 1,533 ரூபாய் என்பது நாடு முழுவதற்குமான சராசரி. சொந்த நிலத்தின் வாடகை அதில் சேரவில்லை. தம் வயலின் அடக்கம் எவ்வளவு என்பதை அவரவர் கணக்குதான் சொல்ல முடியும்.

நிலைச் செலவும் மாறும் செலவும்

விதை, உரம், ஆள் கூலி ஆகியவை பயிர் செய்தால் உண்டு, செய்யாவிட்டால் இல்லை. ஏக்கர் கூடினால் இவையும் கூடும். இவை மாறும் செலவுகள். தேய்மானமும் முதலின் வட்டியும், பயிர் செய்தாலும் நிலம் தரிசாகக் கிடந்தாலும் வந்துகொண்டே இருக்கும். இவை நிலைச் செலவுகள்.

கருவி வாங்கும்போது இந்த வேற்றுமை மிகவும் முக்கியம். ஒருவர் 2 லட்சம் ரூபாய்க்குப் பவர் டில்லர் வாங்குகிறார். பத்து ஆண்டு உழைத்தபின் 20,000 ரூபாய்க்கு விற்கலாம். இடையில் குறையும் 1,80,000 ரூபாயைப் பத்தால் வகுத்தால், ஆண்டுக்கு 18,000 ரூபாய் தேய்மானம். சராசரி மதிப்பான 1,10,000 ரூபாய்க்கு 10 சதவீத வட்டி 11,000 ரூபாய். ஆக, வண்டி கொட்டகையில் சும்மா நின்றாலும் ஆண்டுக்கு 29,000 ரூபாய் நிலைச் செலவு.

வாடகை வண்டி வைத்து உழுதால் ஏக்கருக்கு 2,500 ரூபாய். சொந்த வண்டியில் டீசல், ஆள், பழுது எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய். ஏக்கருக்கு மிச்சம் 1,500 ரூபாய். 29,000 ரூபாயை 1,500 ரூபாயால் வகுத்தால் சுமார் 20 ஏக்கர் வருகிறது. ஆண்டுக்கு 20 ஏக்கர் உழுதால் கணக்குச் சரிக்கட்டும். லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் இந்த அளவைச் சமநிலைப் புள்ளி என்பார்கள். இரண்டு ஏக்கரை ஆண்டுக்கு மூன்று முறை உழுபவருக்கு 6 ஏக்கர் வேலைதான் இருக்கிறது. அவர் வாடகை வண்டியை நம்புவதே நலம். அல்லது பக்கத்து நிலக்காரர்கள் மூன்று நான்கு பேர் கூட்டாக வாங்கலாம். மானியம் கிடைத்தால் விலை குறையும். அந்தக் குறைந்த விலையைப் போட்டு மறுபடியும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். மானியம் இருக்கிறது என்பதற்காகவே வாங்கிவிடக் கூடாது.

நடும் முன் ஒரு கணக்கு, நட்ட பின் வேறு கணக்கு

பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் தக்காளி பயிரிடுபவர்களுக்கு விலை வீழ்ச்சி புதிதல்ல. விலை இறங்கியதும், போட்ட முதலே வராதே என்று மனம் நொந்து, பழத்தைப் பறிக்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. போட்ட முதல் வராது என்று தெரிந்தும் கடைசிவரை பறித்து அனுப்புபவர்களும் உண்டு. எது சரி என்பதை மாறும் செலவுதான் தீர்மானிக்க வேண்டும்.

25 கிலோ பெட்டிக்கு உற்பத்தி அடக்கம் 150 ரூபாய் என்று கொள்வோம். சந்தையில் விலை 100 ரூபாய். நாற்று, உழவு, உரம், குச்சி ஆகியவற்றுக்குச் செலவழித்த பணம் போனது போனதுதான். பறித்தாலும் திரும்பாது, பறிக்காவிட்டாலும் திரும்பாது. ஆகவே அதை இப்போது கணக்கில் சேர்க்கக் கூடாது. இனிமேல் செய்ய வேண்டிய செலவு என்ன? பறிப்புக் கூலி 30 ரூபாய், பெட்டியும் வண்டி வாடகையும் 35 ரூபாய், தரகு 10 ரூபாய். மொத்தம் 75 ரூபாய். பறித்தால் பெட்டிக்கு 25 ரூபாய் கைக்கு வரும். நூறு பெட்டிக்கு 2,500 ரூபாய். பறிப்பதே நலம்.

விலை 70 ரூபாயாக இறங்கினால் தரகு 7 ரூபாய், மற்றவை 65 ரூபாய், ஆக 72 ரூபாய். அனுப்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து 2 ரூபாய் போகும். அந்த விலை நீடித்தால் நிறுத்திவிட்டு, செடியை உழுது விட்டு, அடுத்த பயிரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் அடுத்த பட்டத்தில் மறுபடியும் தக்காளி நடலாமா என்று யோசிக்கும்போது கணக்கு முழுதாக மாறிவிடும். அப்போது கைச்செலவு, குடும்ப உழைப்பு, தேய்மானம், நிலத்தின் வாடகை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். நடும் முன் எல்லாச் செலவும் கணக்கில் உண்டு. நட்ட பின் இனிச் செய்ய வேண்டிய செலவு மட்டுமே உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும் நட்டத்துக்குக் காரணம்.

கடைசி மூட்டையின் வரவு

ஏக்கருக்குச் சராசரியாக என்ன கிடைத்தது என்று பார்ப்பதோடு, கடைசியாகச் செய்த செலவுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். மண் பரிசோதனைப்படி சிபாரிசு செய்த உரத்தை இட்டபின், பயிர் இன்னும் பச்சைகட்டட்டும் என்று மேலும் ஒரு மூட்டை யூரியா போடுகிறார்கள். உரத்துக்கும் ஆளுக்குமாக 450 ரூபாய் ஆகிறது. அதனால் கூடுவது 15 கிலோ நெல் என்றால் வரவு 345 ரூபாய்தான். அந்த மூட்டையில் 105 ரூபாய் நட்டம். பயிர் சாய்வதும் பூச்சி நோய் கூடுவதும் தனி. இதற்குக் குறைந்து செல் விளைவு விதி என்று பெயர்.

நடைமுறை மூலதனம்

மஞ்சளுக்கு ஒன்பது மாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். வரவு கடைசியில்தான். லாபமான பயிராக இருந்தும் நடுவில் மேலுரத்துக்குப் பணம் இல்லாமல் மகசூலைக் கோட்டை விடுவதுண்டு. இப்படிப் பயிர் முடியும் வரை கையில் புரள வேண்டிய பணமே நடைமுறை மூலதனம். இரண்டு கறவை மாடுகளின் பால் பணம் வாரக் கணக்கிலோ பத்து நாள் கணக்கிலோ வந்து இந்த இடைவெளியை அடைக்கும். எந்த மாதம் என்ன செலவு, எந்த மாதம் என்ன வரவு என்று பன்னிரண்டு மாதத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது.

1998ஆம் ஆண்டு தொடங்கிய விவசாயக் கடன் அட்டைத் திட்டம் இந்தத் தேவைக்காகவே ஏற்பட்டது. பயிர்க் கடனை எடுத்து வீடு கட்டவோ மோட்டார் வாங்கவோ கூடாது. பயிர்க் கடன் அறுவடையோடு திரும்ப வேண்டிய பணம். மோட்டார் தன் விலையை மீட்டுத் தரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்கு மத்திய காலக் கடன்தான் பொருந்தும். பயிர்க் கடனில் தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போய்விடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இவ்வளவுக்கும் பெரிய கணக்குப்பிள்ளை தேவையில்லை. 40 பக்க நோட்டு ஒன்றில் பயிருக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். தேதி, வேலை, ஆள் எத்தனை, வீட்டு ஆள் எத்தனை, தொகை எவ்வளவு என்று அன்றன்றே எழுத வேண்டும். வீட்டுச் செலவைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். கருவிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய ஆண்டையும் விலையையும் குறித்து, தேய்மானத் தொகையை அறுவடை தோறும் தனியே வங்கியில் போட்டு வரலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே இந்தக் கணக்கை எழுதிவிடுவார்கள். மூன்று பட்டம் எழுதிய நோட்டு கையில் இருந்தால், எந்தப் பயிர் கூலியை மட்டும் தருகிறது, எது லாபமும் தருகிறது, எது இரண்டையும் தின்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் நாளன்றே முதல் வரியை எழுதத் தொடங்கலாம்.