விமானப் படையில் விமானியாக என்ன படிக்க வேண்டும்?

இந்திய விமானப் படையில் 1994 முதல் பெண்கள் விமானிகளாக உள்ளனர். 2016 இல் போர் விமானங்களும் அவர்கள் கைக்கு வந்தன. அப்பணிக்கு வேண்டிய கல்வி யாது எனக் காண்போம்.

வழிகள் இரண்டு. முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து, பூனாவுக்கு அருகேயுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்வது. 2022 முதல் அங்கே பெண்களும் பயில்கின்றனர். இரண்டாவது, பட்டம் பெற்றபின் 'அஃப்காட்' என்னும் தேர்வு எழுதுவது. இதற்குப் பட்டத்தில் 60 விழுக்காடு வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடும் வேண்டும். எனவே பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டவருக்கு, பின்னர் எத்துணைப் பெரிய பட்டம் பெற்றாலும், இக்கதவு திறப்பது அரிது. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மகளும் பெற்றோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணிதம் ஏன்? மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் வடக்கே செல்லும் விமானத்தின்மீது, மேற்கிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகக் காற்று வீசுவதாகக் கொள்வோம். விமானி திருத்தம் செய்யாவிடில், அரை மணியில் விமானம் 30 கி.மீ. கிழக்கே ஒதுங்கிவிடும். வகுப்பில் நாம் படிக்கும் வெக்டர் கணக்கே அங்கு உயிர்காக்கிறது.

இத்துறையில் குடும்பப் பெருமையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'எஞ்சினியர்' என்னும் பார்சிக் குடும்பத்துச் சகோதரர் பலர் நம் விமானப் படையில் பறந்தனர். அவர்களுள் ஆஸ்பி 1960 இல் விமானப் படைத் தளபதியானார். மினூ, 1947-48 காஷ்மீர்ப் போரில் மகாவீர் சக்கரம் பெற்றார். 1999 கார்கில் போரில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டிக் காயமுற்ற வீரரை மீட்ட குஞ்சன் சக்சேனாவின் தந்தையும் உடன்பிறந்தவரும் இராணுவத்தினரே.

ஆயினும் தந்தையின் பதக்கம் மகளுக்கு மதிப்பெண் ஆகாது. குஞ்சன் சக்சேனா இயற்பியல் பட்டதாரி. தேர்வு எழுதியே உள்ளே சென்றார். அவருடன் அப்போரில் பறந்த ஸ்ரீவித்யா ராஜனும் அவ்வாறே. குடும்பம் ஆசையை ஊட்டலாம். தகுதியை அவரவரே தேட வேண்டும்.

வீட்டில் எவரும் விமானத்தில் ஏறியதே இல்லையே என்று வருந்தும் தோழியே, உன் விண்ணப்பத்தில் அதற்கான கேள்வி இல்லை. கணிதத்திற்கும் இயற்பியலுக்கும் உரிய இடம் மட்டும் உண்டு. அவ்விடத்தை நிரப்ப இன்றே தொடங்கு.