ஒத்தை மூலக்கூறுல கரண்ட்: சுத்தி இருக்கறது என்ன?

ஒரே ஒரு மூலக்கூறை ரெண்டு தங்க முனைக்கு நடுவுல மாட்டி, அது வழியா கரண்ட் விட முடியுமா? முடியும். 2003-ல அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டில பிங்சியான் ஷூவும் நோங்ஜியான் தாவோவும் காட்டின முறைதான் இன்னைக்கும் பல லேப்ல ஓடுது.

தங்க ஊசியைத் தங்கப் பரப்புல தொட வெச்சு மெல்ல இழுக்கணும். ஒட்டின இடம் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு, ஒத்தை அணு கனத்துக்கு மெலிஞ்சு அறுந்துடும். அந்த இடைவெளில, திரவத்துல மிதந்துட்டிருந்த மூலக்கூறு ஒண்ணு ரெண்டு முனையையும் பிடிச்சுக்கும். கிராஃப்ல கரண்ட் சட்டுனு சரிஞ்சு, ஒரு படில கொஞ்சம் நிக்கும். அந்தப் படியோட உயரம்தான் நமக்கு வேணும்; மூலக்கூறோட கடத்துதிறனை அதுதான் சொல்லுது. ஒரு தடவை பார்த்தா நம்ப முடியாது. ஆயிரக்கணக்கான தடவை ஒட்டி ஒட்டி இழுப்பாங்க.

அந்தத் திரவம் சும்மா வேடிக்கை பார்க்குதுன்னுதானே நினைப்போம்? இல்ல.

தங்கத்துல எலக்ட்ரானோட ஆற்றல் மட்டம் ஒண்ணு, மூலக்கூறோட மட்டம் இன்னொண்ணு. ரெண்டும் நெருங்கினா கரண்ட் தாராளமா போகும், விலகினா திணறும். சுத்தி இருக்கற பொருள் இந்த இடைவெளியில கை வைக்குது.

2009-ல லிவர்பூல், லான்காஸ்டர் ஆய்வாளர்கள் தயோஃபீன் வளையங்களைக் கோர்த்த மூலக்கூறுகளை எடுத்தாங்க. அதுல நீளமானதை வெறும் 10 தண்ணி மூலக்கூறு சூழ்ந்து நின்னா, கடத்துதிறன் 100 மடங்குக்கு மேல எகிறுது. தண்ணி வழியா கசியுதோன்னு சந்தேகம் வேண்டாம். கரண்ட் மூலக்கூறு வழியாவேதான் போகுது. தண்ணி அதோட மட்டத்தை நகர்த்துது, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பிடிச்சது 2011-ல கொலம்பியா யூனிவர்சிட்டில லதா வெங்கடராமன் குழு பார்த்தது. மூலக்கூறு ரொம்பச் சின்னது: ஒரு பென்சீன் வளையம், ரெண்டு முனையிலும் அமீன். சுத்தி இருக்கற திரவத்தை, அதாவது கரைப்பானைப் பொறுத்து கடத்துதிறன் 50 சதவீதம் வரைக்கும் கூடுச்சு. ஆனா கரைப்பான் போய் ஒட்டினது மூலக்கூறுல இல்ல, பக்கத்துல இருக்கற தங்கத்துல! தங்கத்தோட மட்டத்தையே மாத்திடுச்சு.

ஒத்தை மூலக்கூறை டயோடா, அதாவது ஒரு திசையில மட்டும் கரண்டை நல்லா விடற கருவியா ஆக்கலாம்னு அவிராம், ராட்னர்ங்கற ஆய்வாளர்கள் 1974-லயே எழுதினாங்க. அதுக்கு மூலக்கூறோட ரெண்டு பாதியும் வேற வேறயா இருக்கணும்ங்கறது அவங்க யோசனை. 2015-ல அதே கொலம்பியா குழு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற மூலக்கூறை எடுத்துச்சு. வித்தியாசத்தைச் சுத்தி இருக்கறதுல கொண்டு வந்தாங்க: ஊசிக்கு மெழுகு பூசி, நுனியை மட்டும் போலார் திரவத்துல படற மாதிரி வெளிய விட்டாங்க. ஒரு பக்கம் துளி நுனி, மறுபக்கம் பெரிய பரப்பு. 0.37 வோல்ட்லயே ஒரு திசையில, எதிர்த் திசையைவிட 200 மடங்குக்கு மேல கரண்ட். அதே மூலக்கூறைப் போலார் இல்லாத கரைப்பானுக்கு மாத்தினா, டயோடு போச்சு; ரெண்டு திசையிலும் ஒரே கரண்ட்தான்.